சிலைக்குப் பின்பக்கம் போவது

(மாணவர் வாசிப்பு வட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை முழுக்க மாற்றவில்லை.)



நவீன சிற்பம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் சிற்பி கிடையாது. விமர்சகனும் கிடையாது. பேங்க்கில் கேஷ் கவுண்டரில் உட்காருகிறவன், மிச்ச நேரத்தில் கவிதை எழுதுகிறவன். ஆனால் பல வருசமாக ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிற சோழமண்டல் கலைஞர் கிராமத்துக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன். போன மாதம் உங்களில் பன்னிரண்டு பேர் கூட வந்தீர்கள். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு தோழர் கேட்டார், "அண்ணே, இதுல நாம எங்க இருக்கோம்?" பக்கத்தில் நின்ற இன்னொரு தோழர், "காரு வச்சிருக்கவன் போட்டோ எடுக்க வர்ற எடம்ணே. நமக்கு எதுக்கு?" என்றார். பஸ்ஸில் இருந்த நெரிசலில் பதில் சொல்ல முடியவில்லை. அவசரமாகச் சொல்லிவிடக்கூடிய பதிலும் என்னிடம் இல்லை. அந்த இரண்டு கேள்விக்கும் சேர்த்துத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

அன்றைக்கு வராதவர்களுக்காக முதலில் கொஞ்சம். திருவான்மியூரைத் தாண்டி மாமல்லபுரம் போகிற சாலையில், நீலாங்கரைக்கு அடுத்து ஈஞ்சம்பாக்கம். சாலைக்குக் கடல் பக்கமாக இருக்கிறது அந்த இடம். உள்ளே நுழைந்தால் மரங்கள். மரங்களுக்கு அடியில் கருங்கல்லிலும் உலோகத்திலும் சிற்பங்கள். பல நாட்டுச் சிற்பிகள் செய்தவையும் அதில் உண்டு. நடுவே ஒரு கட்டடம். 2009இல் திறந்தார்கள். அதில் சென்னையிலிருந்து கிளம்பிய நவீன ஓவிய, சிற்ப இயக்கத்துக்கென்று ஒரு மியூசியம் வைத்திருக்கிறார்கள். 'மெட்ராஸ் இயக்கம்' என்று அதைச் சொல்லுவார்கள். பின்னால் கலைஞர்களுடைய வீடுகள், அதற்கும் பின்னால் கடல்.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற கம்பெனி டாக்டர் ஆரம்பித்த கலைப்பள்ளிதான் இன்றைக்குப் பெரியமேட்டில் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரி. 1960களில் அதற்கு முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். அவரிடம் படித்து வெளியே வந்த பையன்களுக்குச் சென்னையில் பிழைப்பு இல்லை. படம் வாங்குவதற்கு ஆள் கிடையாது. விளம்பரக் கம்பெனிக்கோ நெசவு டிசைனுக்கோ போனால் அத்தோடு கலை போயிற்று. அதனால் கைவினைப் பொருட்கள் செய்து விற்பது என்று முடிவெடுத்தார்கள். பாட்டிக் துணி, தோல் வேலை, பீங்கான், உலோகச் சாமான். இதை விற்ற காசைச் சேர்த்து 1966இல் ஈஞ்சம்பாக்கத்து மணலில் நிலம் வாங்கினார்கள். ஏறக்குறைய 40 பேர், பத்து ஏக்கர் போல. சர்க்கார் கொடுத்த நிலம் இல்லை, எந்த ஜமீனும் தானம் பண்ணியது இல்லை. பி.எஃப். லோன் போட்டுப் பத்திரிகை நடத்தி மூணாவது இதழிலேயே நொடித்துப்போகிற நம்மைப் போன்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கலைஞன் தன் கையால் சம்பாதித்துத் தன் காலில் நிற்பது என்பது சின்ன விஷயம் இல்லை. 'மேல்தட்டு' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் இதற்குள்ளேயே நாம் நின்று பார்க்கவேண்டிய ஒன்று இருக்கிறது. தோல் வேலை என்றேன் இல்லையா. ஓவியன் தோலில் சித்திரம் போட்டு விற்றால் அது கைவினை. அவனுக்குக் கௌரவம் குறையவில்லை. சக்கிலியர் தெருவில் தலைமுறை தலைமுறையாகத் தோலைப் பதப்படுத்தி, அறுத்து, தைத்தவனுக்கு அதே தோல்தான் தீட்டு. அவர்கள் விரும்பினால் தோலைத் தொடலாம், விரும்பினால் விட்டுவிடலாம். விடமுடிகிறவனுக்குத்தான் தொழில் கலையாக மாறுகிறது. இதை அந்த மியூசியத்தில் எந்த அட்டையிலும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய தப்பு என்றும் நான் சொல்லவில்லை. அங்கே போகிறபோது நாம் கொண்டுபோக வேண்டிய அட்டை அது.

பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சோழமண்டலம். வெள்ளைக்காரன் வாயில் கோரமண்டல் ஆனது அதுதான். 1960களில் 'இந்தியத்தன்மை' என்று ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மேற்கத்திய நவீனத்தை அப்படியே நகல் எடுக்கக் கூடாது, நம் மண்ணிலிருந்து எடுக்கணும் என்று. நியாயமான தேடல். ஆனால் மண் என்று கையை விட்டபோது கையில் வந்தது என்ன? கோயில், யந்திரம், ஜாதகக் கட்டம், சோழர் பெருமை. பணிக்கருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களைப் பாருங்கள். ஜாதகம் மாதிரி கட்டமும் படிக்கமுடியாத எழுத்துமாக இருக்கும். அழகாகத்தான் இருக்கிறது. எனக்குப் பிடிக்கவும் செய்கிறது. ஆனால் சோழர் என்றதும் நம் ஞாபகத்துக்கு வருவது வேறு. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டில், ஊர் நிலத்தில் வரியில்லாமல் கழிக்கிற இடங்களைக் கணக்கு எழுதுகிறபோது 'பறைச்சேரி' வருகிறது, 'தீண்டாச்சேரி' வருகிறது. ஆயிரம் வருசத்துக்கு முந்தைய உளி அது. மரபு என்று கையைவிட்டால் இதுவும் சேர்ந்துதான் வரும். வரவில்லை என்றால் எங்கேயோ சலித்து எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போது சிற்பத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் மெதுவாகப் பேசப்போகிறேன். நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

மெட்ராஸ் இயக்கத்துச் சிற்பிகளில் பி.வி. ஜானகிராம் என்று ஒருவர். 1930இல் பிறந்தவர். செப்புத் தகடுதான் அவர் பொருள். கல்லைச் செதுக்குவதோ, மெழுகில் செய்து வெண்கலம் வார்ப்பதோ இல்லாமல், தகட்டைத் தட்டித் தட்டி முகமும் மார்பும் கையும் புடைக்க வைப்பார். அதன்மேல் கம்பிகளை ஒட்டவைத்து நகை, புருவம், தலைமுடி என்று போடுவார். இந்த வித்தையை அவர் எங்கிருந்து எடுத்தார் என்றால், கோயிலில் மூலவருக்குச் சாத்துகிற கவசம் இருக்கிறதே, அதிலிருந்து. பணிக்கருடைய மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) செம்பையும் பித்தளையையும் வெட்டிப் பற்றவைத்துச் செய்தார். அவருடையதில் பறவை, கருடன், மரம், மனிதன் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடக்கும். இந்த வகைச் சிற்பங்களுக்கு ஒரு பொதுக்குணம் சொல்கிறார்கள்: முன்பக்கத் தன்மை. அதாவது எதிரே நின்று பார்ப்பதற்காகச் செய்தவை. படம் மாதிரி. முன்னால் நின்றால் எல்லாம் தெரியும். சுற்றி வந்து பார்க்க வேண்டியதில்லை.

விமர்சகர்கள் இதை மெட்ராஸின் தனித்தன்மை என்று பாராட்டுவார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் முன்பக்கம் மட்டும் உள்ள சிற்பம் என்பது எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். கருவறையிலிருந்து வந்தது. கோயிலுக்குள்ளே போக முடிந்தவன்கூட மூலவரை முன்னால் நின்றுதான் பார்க்க முடியும். பிரகாரம் சுற்றுகிறோம் என்கிறார்கள். சுற்றுவது சாமியை இல்லை, சுவரை. மூலவரின் முதுகைப் பார்த்தவன் அர்ச்சகன் ஒருத்தன்தான். உற்சவ மூர்த்தியை வெளியே கொண்டுவந்தாலும் பட்டும் மாலையுமாக முதுகை மூடித்தான் கொண்டுவருவார்கள். அந்தத் தேர் சேரித் தெருவுக்குத் திரும்பாமலே போய்விடும் என்பது வேறு கதை. ஆக, முன்பக்கத் தன்மை என்பது பக்தனின் பார்வை. எவ்வளவு தூரத்தில், எந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கணும் என்று ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருக்கிற பார்வை.

தோட்டத்தில் வைத்த சிற்பத்திடம் இது செல்லாது. வெட்டவெளி. சுவர் இல்லை. யாரும் சுற்றிக்கொண்டு பின்னால் போகலாம். சிற்பி கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் போகலாம். நான் எப்போது போனாலும் முதலில் பின்பக்கம்தான் போவேன். என்ன தெரியும் அங்கே? பற்றவைப்பு. கட்டிகட்டியாக வெல்டிங் வைத்த இடம், ரிவெட் அடித்த இடம், இரண்டு தகடு சேராமல் மூணாவது தகடு வைத்து முட்டுக்கொடுத்த இடம். இன்னொன்றும் சொல்கிறேன். தகட்டைப் புடைக்க வைக்கிற வேலையில் சுத்தியல் விழுவது பெரும்பாலும் பின்பக்கத்தில். பின்னாலிருந்து அடித்தால்தான் முன்னால் மார்பு நிமிரும். அதனால் முன்னால் தெரிகிற வழவழப்பான கன்னத்துக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான அடியின் தழும்பு இருக்கும். முன்பக்கம் தெய்வம், பின்பக்கம் பட்டறை. எனக்குப் பட்டறைதான் அதிகம் பிடிக்கிறது. அந்தத் தழும்புகளைப் பார்த்தபிறகு முன்னால் வந்து பார்த்தால் அந்த முகமே வேறு மாதிரி இருக்கிறது. இன்னும் நல்லாவே இருக்கிறது. கேலிக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே.

சிற்பத்தை இப்படிப் புல்லில் கொண்டுவந்து வைக்கிற பழக்கம் உலகத்திலேயே பழசு இல்லை. லண்டனில் பேட்டர்சீ பூங்காவில் 1948இல் திறந்தவெளிக் கண்காட்சி வைத்தார்கள். ஆண்ட்வெர்ப்பில் மிடல்ஹெய்ம் 1950, ஹாலந்தில் க்ரோலர்-ம்யூலர் மியூசியத்தின் தோட்டம் 1961, இங்கிலாந்தில் யார்க்ஷைர் சிற்பப் பூங்கா 1977. இதிலெல்லாம் அடிக்கடி வருகிற பெயர் ஹென்றி மூர். தன் சிற்பம் அறைக்குள் இருப்பதைவிட வானத்துக்குக் கீழே இருப்பதை விரும்பியவர். அவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். யுத்த காலத்தில் தன் அப்பா வேலை பார்த்த சுரங்கத்துக்கே திரும்பிப்போய், குனிந்தும் படுத்தும் கரி வெட்டுகிறவர்களை வரைந்திருக்கிறார். அவருடைய கல் உடம்புகளின் நடுவே பெரிய பெரிய ஓட்டை இருக்கும். கல்லுக்குள் வெளி, வெளிக்குள் கல் என்று அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

ஈஞ்சம்பாக்கத்துத் தோட்டத்திலும் ஓட்டை உள்ள ஒரு கருங்கல் உண்டு. நம்முடைய தோழர்கள் இரண்டு பேர் அதன் முன்னால் நின்று, இது கண்ணா, கருப்பையா, வாசலா என்று வாதம் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே இலை பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் நான் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். "என்னம்மா இது?" என்றேன். "கல்லு தம்பி" என்றார். "அது தெரியுது. இந்த ஓட்டை எதுக்கு?" அவர் சொன்னார்: "எதுக்கு வுட்டாங்களோ. எல பூரா இதுக்குள்ளதான் வந்து அடச்சிக்குது. தொடப்பம் உள்ள பூராது. கைய வுட்டுதான் எடுக்கணும். ஒரு வாட்டி தேளு இருந்துச்சு." அப்புறம் தானாகவே இன்னொன்றும் சொன்னார். "இந்தப் பக்கம் ஒக்காரு தம்பி. இது மத்தியானத்துலயும் சுடாது. அந்தப் பக்கம் தொட முடியாது." அந்தக் கல்லுக்குப் பின்பக்கம் குளிர்ச்சியாக ஒரு சரிவு இருக்கிறது. எந்த நேரத்தில் நிழல் எங்கே விழும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். உட்கார்ந்து பார்த்தேன், உண்மைதான். எனக்குத் தெரிந்து அந்தச் சிற்பத்தைக் கையால் முழுக்க அறிந்தவர்கள் இரண்டு பேர்தான் இருப்பார்கள். ஒன்று அதைச் செய்தவர். இன்னொன்று அந்த அம்மா. சிற்பம் என்பது கையால் அறியவேண்டிய கலை என்று படித்திருக்கிறேன். அப்படியானால் அங்கே வருகிற எங்களைவிட அவர்தான் ரசிகர். இதை அவரிடம் சொன்னால் சிரிப்பார்.

அதே கல்லில் இன்னொன்று நடந்தது. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வருகிற நம் தோழர் (இங்கேதான் பின்வரிசையில் இருக்கிறார்) கல்லின் ஒரு விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணே, இது டிரில் போட்ட தடம்" என்றார். குழாயைப் பாதியாகப் பிளந்த மாதிரி வரிசையாக நீளப் பள்ளங்கள். குவாரியில் பெரும்பாறையைப் பிளக்க வரிசையாகத் துளை போடுவார்கள். அதில் ஆப்பு இறக்கி அடித்தால் கோடு போட்ட மாதிரி பிளக்கும். துளையின் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். அவருடைய மாமா அந்த வேலையில் இருந்தவர், இருமி இருமிச் செத்தார் என்றார். கல்தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிடுகிற வியாதி. மருந்து கிடையாது. மாமல்லபுரத்தில் முடிக்காமல் விட்ட பாறைகளில் ஆப்புக் குழிகளைப் பார்க்கலாம். அங்கே சதுரமாக இருக்கும், இங்கே உருண்டை. ஆயிரத்துச் சொச்சம் வருசத்தில் குழியின் வடிவம் மாறியிருக்கிறது.

சிற்பி நினைத்திருந்தால் அந்தத் தடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கலாம். மூணு பக்கம் பாலிஷ் போட்டவர் இந்தப் பக்கத்தை மட்டும் விட்டிருக்கிறார். அவருக்கு அது ஒரு சொரசொரப்பு, ஒளியை உடைக்கிற ஒரு தளம், அவ்வளவாகத்தான் இருந்திருக்கும். நம் தோழருக்கு அது மாமாவின் ஒரு நாள் கூலி. இரண்டும் ஒரே பள்ளத்தில்தான் இருக்கிறது. பஸ்ஸில் கேட்ட கேள்விக்கு, நாம எங்க இருக்கோம் என்பதற்கு, முதல் பதில் அங்கே கிடைக்கிறது என்று நினைக்கிறேன். முழுப் பதில் இல்லை. குவாரிக்காரனின் தடத்தை அழிக்காமல் விட்டதாலேயே அவனுக்கு மரியாதை வந்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதற்குப் பிறகும் கல்குவாரிகளிலிருந்து கொத்தடிமைகளை மீட்ட செய்தி வந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் அந்தத் தடத்தை வாசிக்கத் தெரிந்தவன் ஒருத்தன் அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் இருந்தான் என்பது முக்கியம். காரில் வந்து போட்டோ எடுத்தவர்கள் யாரும் அதை வாசிக்கவில்லை. நவீன சிற்பம் நமக்குப் புரியாது என்று நம்மிலேயே சிலர் கை கழுவுகிறார்களே, அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். புரிவதற்கான படிப்பு சில சமயம் நம்மிடம்தான் இருக்கிறது.

கட்டடத்துக்குள் போனதும் ஒரு தங்கை 'தொடக்கூடாது' என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, "இங்கயும் அதேதானாண்ணே?" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும். விரல் வியர்வையில் உப்பும் எண்ணெயும் இருக்கிறது. செம்பில் பட்டால் கறை விழும், களிம்பு ஏறும். இது கலெக்டர் விரலுக்கும் பொருந்தும், நம் விரலுக்கும் பொருந்தும். தீண்டாமை அப்படி இல்லை. அது விரலைப் பார்க்காது, விரலின் சொந்தக்காரனைப் பார்க்கும். ஒரு விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதில் கோபப்படத் தேவையில்லாத இடத்தில் கோபப்பட்டால், தேவையான இடத்தில் நம் கோபத்துக்கு மதிப்பு இருக்காது. வெளியே தோட்டத்தில் கடல்காற்றே உப்பை அள்ளிக்கொண்டு வந்து பூசுகிறது. இரும்புச் சிற்பத்தின் பற்றவைப்பில் முதலில் துரு பிடிக்கும். கருங்கல்தான் கவலைப்படாமல் நிற்கிறது.

உப்புக்காற்றில் நிற்கிற இன்னொரு சிற்பம் நீங்கள் எல்லோரும் பார்த்தது. மெரினாவில் உழைப்பாளர் சிலை. பணிக்கருக்கு முன்னால் அதே கலைப்பள்ளியில் 1957 வரை முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த வெண்கலம். 1959 குடியரசு தினத்துக்கு முந்தின நாள் திறந்தார்கள். நாலு பேர் தடி கொடுத்துப் பாறையை நெம்புகிறார்கள். அந்தக் கலைப்பள்ளியின் இரவுக் காவலாளி ஒருவரை மாதிரியாக நிறுத்திச் செய்தார் என்று சொல்வார்கள். மே தினத்துக்கு அங்கே போய்க் கோஷம் போடுகிறோம், திரும்பி வந்துவிடுகிறோம். சுற்றி வந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? முதுகைப் பாருங்கள். பின்னங்காலின் ஆடுசதையைப் பாருங்கள். மணலில் ஊன்றிய குதிகாலைப் பாருங்கள். அந்தச் சிலைக்கு முகத்தைவிட முதுகுதான் முக்கியம். எனக்கு அதில் குறையும் உண்டு. உழைக்கிற உடம்பைப் புராண வீரன் உடம்பாக முறுக்கேற்றி வைத்திருக்கிறார். காலணா கூலிக்காரனுக்கு அவ்வளவு சதை எங்கிருந்து வந்தது? நாலு பேரும் ஆம்பளை. கல்லும் மண்ணும் சுமந்த சித்தாள் ஒருத்திகூட இல்லை. ஆனாலும் 1936 திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனத்தை வைத்துப் புடைப்புச் சிற்பம் செய்தவரும் அவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தெய்வத்தை விட்டுவிட்டு, உள்ளே விடப்படாத மனிதர்களைச் சிற்பத்துக்குள் கொண்டுவந்தவர்.

சரி, நாம் செய்த சிற்பம் எங்கே? இதைக் கேட்காமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. நவீன இந்தியாவில் அதிகமாகச் செய்யப்பட்ட உருவங்களில் ஒன்று அம்பேத்கர் சிலை. நாடாளுமன்ற வளாகத்தில் 1967இல் வைத்த வெண்கலச் சிலை பிரம்மேஷ் வாக் என்ற சிற்பி செய்தது. (2024இல் அதை இருந்த இடத்திலிருந்து எடுத்து வளாகத்துக்குள்ளேயே வேறு இடத்தில் வைத்தார்கள்.) ஊர் ஊராக, சேரி முனையிலும் பஸ் ஸ்டாப்பிலும் நிற்கிற மிச்ச ஆயிரக்கணக்கான சிலைகளைச் செய்தவர்கள் யார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. சிமெண்டில், ஃபைபரில், நீலக் கோட்டும் சிவப்பு டையும் மூக்குக்கண்ணாடியும் கையில் புத்தகமுமாகச் செய்துகொண்டேயிருக்கிறார்கள். நவீன சிற்ப வரலாறு எழுதுகிறவர்கள் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அளவு சரியில்லை, முகச்சாயல் சரியில்லை, கை குட்டை என்பார்கள். சில சமயம் கை குட்டைதான், நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சிற்பத்தைச் செய்வதற்காகக் கூலிக்காரர்கள் பத்தும் இருபதுமாகக் காசு சேர்ப்பது, அதை வைப்பதற்காகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பது, அதன் கழுத்தில் செருப்பு மாலை விழுந்ததற்காகத் தெருவில் இறங்கி உயிரைக் கொடுப்பது, இதெல்லாம் எந்த மியூசியச் சிற்பத்துக்கு நடந்திருக்கிறது? 1997 ஜூலை 11இல் பம்பாய் ரமாபாய் நகரில் அப்படித்தான் பத்துப் பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்.

தமிழ்நாட்டில் அந்தச் சிலைகளில் பலவற்றுக்குக் கம்பிக்கூண்டு போட்டுவிட்டார்கள். பாதுகாப்புக்காம். நான் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிறவன். எங்கள் கிளையில் கேஷ் கவுண்டருக்கு வலைக்கம்பி போட்டிருக்கிறது. அந்தக் கம்பி பணத்தைக் காப்பாற்றத்தானே தவிர, என்னைக் காப்பாற்ற இல்லை என்று எனக்குத் தெரியும். சிலைக்குப் போட்ட கூண்டும் அப்படித்தான். யாருடைய நிம்மதியையோ அது காப்பாற்றுகிறது. செருப்பு மாலை போடுகிறவனைப் பிடித்து உள்ளே வைக்கிறதுக்குப் பதிலாகச் சிலையை உள்ளே வைத்துவிட்டார்கள். ஈஞ்சம்பாக்கத்தில் யாருக்கும் அர்த்தம் தெரியாத ஒரு கல் சுதந்திரமாக வெயிலில் கிடக்கிறது. அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்த சிலை கூண்டில் நிற்கிறது. சிற்பத்தின் சக்தி எங்கே இருக்கிறது என்பதற்கு எனக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கூண்டு போட்ட சிலைக்கும் பின்பக்கம் உண்டு. சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஒருச்சாய்த்து நுழைந்தால் பார்க்கலாம். கோட்டின் முதுகில் மடிப்பு எதுவும் இருக்காது. முன்னால் செலவழித்த கவனத்தைப் பின்னால் செலவழித்திருக்க மாட்டார்கள், காசு அவ்வளவுதான். ஆனால் பீடத்தின் பின்பக்கத்தில் சில ஊரில் பெயர்கள் வெட்டியிருக்கிறார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று. ரூபாய் 50, ரூபாய் 20, 'பெயர் சொல்ல விரும்பாதவர்' ரூபாய் 101. சில பெயர் பெயிண்ட் உரிந்து பாதி போய்விட்டது. இவற்றை யாராவது ஊர் ஊராகப் போய் எழுதியெடுக்கணும். கல்வெட்டு ஆராய்ச்சி என்றால் ராஜராஜன் கல்வெட்டு மட்டும்தானா? வரலாறு படிக்கிற தோழர்கள் இருக்கிறீர்கள், சொல்லிவைக்கிறேன். சிலையை ஒரு பக்கம் மட்டும் போட்டோ எடுக்காதீர்கள். நாலு பக்கமும் எடுங்கள். செய்தவர் பெயர் விசாரியுங்கள். பட்டறை எங்கே, அச்சு எங்கே, என்ன கூலி என்று கேளுங்கள்.

நமக்கு எதுக்கு என்று கேட்ட தோழருக்கு இன்னும் ஒன்று சொல்லணும். என் பாட்டி மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றுதான் சொல்வார். மெட்ராஸ் ஏழைசனம் வைத்த பேர் அது. மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. காணும் பொங்கலுக்கு இரண்டையும் பார்க்கிறது வழக்கம். எழும்பூர் மியூசியம் 1851இல் ஆரம்பித்தது. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்கு முழுச் சட்டம் வந்தது 1947இல். நடுவில் கிட்டத்தட்ட நூறு வருசம். அந்த நூறு வருசத்தில் நம் ஆட்களில் ஒருத்தன் ஒரு நடராஜரையோ பார்வதியையோ முகத்துக்கு முகம் பார்த்திருக்க முடியும் என்றால், அது செத்த காலேஜில்தான். தேங்காய் இல்லை, கற்பூரம் இல்லை, தள்ளிநில் என்று சொல்ல ஆள் இல்லை. சாமி செத்த இடத்தில்தான் சிற்பம் நம் கண்ணில் பட்டிருக்கிறது. மியூசியம் யாருடைய இடம் என்று சும்மா விட்டுக்கொடுத்துவிட வேண்டாம். பாட்டன் பூட்டன் காலத்திலேயே நாம் அங்கே போயாகிவிட்டது.

அதனால் அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் போகிறோம். வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். அவருடைய முதுகு எப்படி இருக்கிறது என்று பின்னால் போய்ப் பாருங்கள், எந்த அளவுக்குப் போக விடுகிறார்களோ அந்த அளவுக்கு. அமராவதியிலிருந்து கொண்டுவந்த பௌத்தச் சிற்பங்களுக்கு மட்டும் எனக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். அதனால் காலையிலேயே வந்துவிட வேண்டும். சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள்; அங்கே பக்கத்தில் வாங்கினால் கட்டுப்படியாகாது. பெயரைக் கொடுக்க வேண்டியவர்கள் போகும்போது என்னிடம் கொடுத்துவிடுங்கள். டிக்கெட் காசு இல்லாதவர்களும் பெயர் கொடுக்கலாம். ஈஞ்சம்பாக்கம் வந்த பன்னிரண்டு பேரில் யார் யார் வருகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.